மருத்துவ முகாம்களில் கேட்பதும் அளப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்து தீபாவளிக்குப் பிறகு குளிர் தொடங்கியதும், பர்மாவில் யாங்கோன், தன்லின், பகோ, மோல்மியேன் முதலிய ஊர்களில் நம் கோவில் மண்டபங்களும் மாதா கோவில் வளாகங்களும் பள்ளிவாசல் கூடங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச மருத்துவ முகாம்களாக மாறுவதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். இந்த முகாம்களைப் பற்றிய செய்திகளில் எத்தனை பேர் பயனடைந்தார்கள், எவ்வளவு மருந்து வழங்கப்பட்டது, யார் யார் நன்கொடை அளித்தார்கள் என்ற விவரங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. வந்தவரிடம் நோய் விவரத்தை எப்படி விசாரித்தார்கள், அவருடைய நாடியையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் எப்படி அளந்தார்கள் என்பது மட்டும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இன்று இத்தகைய முகாம்களில் மேசை போட்டு உட்காருகிறவள் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்த வரியைப் பற்றி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு முகாமின் பதிவேட்டை முடிவில் எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, எடை, அழுத்தம், நாடி, மூச்சு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நேர்த்தியான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். மூச்சு என்ற கட்டத்தில் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை 20 என்ற ஒரே எண் இருந்தது. கைக்குழந்தைக்கும் 20, ஆஸ்துமாவால் இரைக்க இரைக்க வந்த பெரியவருக்கும் 20. அந்த எண்ணை எழுதிய பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து, தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்து வந்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும், வாசல்வரை நீண்டிருந்த வரிசை அவர்களை எண்ண விட்டிருக்காது. பெரிய மருத்துவமனைகளிலேயே மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் அளவு மூச்செண்ணிக்கைதான் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. எண்ணாமல் எழுதிய எண்ணைப் பார்க்கும் மருத்துவர், யாரோ எண்ணிப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குப் 12 முதல் 20 வரை மூச்சு விடுவது இயல்பு. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை எளிமையானது. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால், அது வேகமான மூச்சு. இருமலோடு வரும் பிள்ளையிடம் இந்த வேகத்தைக் கண்டால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணும்போது பிள்ளை அழாமல் இருக்க வேண்டும். தாயின் மடியில் இருக்கும்போதே சட்டையைச் சற்று உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, சில நொடி விரைந்து சில நொடி தணியும் என்பதால், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குகிற குறுக்குவழி இங்கே பலிக்காது. பெரியவர்களிடம் ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் தம்மை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார்கள். அதனால் நாடி பார்த்த விரலை எடுக்காமல், இன்னும் நாடியையே பார்ப்பதுபோல இருந்துகொண்டு மார்பைக் கவனிப்பதுதான் செவிலியர் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முறை.

இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘பிரஷர் பார்க்க வந்தேன்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குவதா வேண்டாமா என்ற முடிவு எடுக்கப்படுகிறது. இத்தாலியைச் சேர்ந்த ரிவா ரோச்சி 1896-ஆம் ஆண்டில் அழுத்தம் அளக்கும் கைப்பட்டையை அறிமுகப்படுத்தினார். ரஷ்ய மருத்துவர் கோரோட்காஃப் 1905-ஆம் ஆண்டில் பட்டைக்குக் கீழே கேட்கும் ஒலிகளை விவரித்தார். நூறாண்டுக்கும் மேலாக உலகம் அறிந்த இந்த முறைக்குத் தெளிவான நிபந்தனைகள் உண்டு. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் புகையிலை, தேநீர், காப்பி, கடின வேலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. பட்டை வெறும் கையில் சுற்றப்பட வேண்டும். கை மேசைமேல், இதயத்தின் மட்டத்தில் தளர்வாக இருக்க வேண்டும். அளக்கும்போது அளப்பவரும் பேசக் கூடாது, அளக்கப்படுபவரும் பேசக் கூடாது.

நம் முகாம்களில் நடப்பதை இந்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருகிறவர் பேருந்தில் நின்றுகொண்டு வந்து, மண்டபத்தின் படியேறி, வரிசையில் காத்திருந்து, வாயில் குன்யா என்னும் வெற்றிலைச் சுருளை அடக்கிக்கொண்டே முதுகுச் சாய்வில்லாத பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்த நொடியிலேயே பட்டை சுற்றப்படுகிறது. பெண்களாக இருந்தால் இறுக்கமான ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றிவிடுகிறார்கள். சுருட்டிய துணி புஜத்தைக் கயிறுபோல் இறுக்குகிறது. கை தாங்கலின்றித் தொடைமேல் தொங்குகிறது. இதய மட்டத்துக்குக் கீழே கை இறங்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அழுத்தம் உள்ளதைவிட உயர்ந்தே காட்டும். இவ்வளவும் போதாதென்று, ‘பேரன் எப்படி இருக்கிறான், மலேசியாவுக்குப் போனவன் பணம் அனுப்புகிறானா’ என்று அன்போடு விசாரிப்பதும் அந்த நேரத்தில்தான். பேச்சு ஒன்றே அழுத்தத்தின் இரு எண்களில் மேல் அளவைப் பத்து வரை உயர்த்திவிடக்கூடும்.

தன்லின் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு முதல் மேசையில் 168-க்கு 96 என்று எழுதி அனுப்பினார்கள். அவரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, ரவிக்கையின் ஒரு கையைக் கழற்றித் துண்டால் போர்த்திவிட்டு, வேறொருவரைப் பார்த்து முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்காமல் இருந்தேன். பிறகு பெரிய பட்டையைச் சுற்றி இருமுறை அளந்தபோது 138-க்கு 84, 134-க்கு 82 என்று வந்தது. முதல் எண்ணை நம்பியிருந்தால் அன்றே மாத்திரை தொடங்கியிருப்பார்கள். இதே தவற்றால் வேறோர் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் முதியவருக்குத் தவறாக உயர்ந்த எண்ணைக் கண்டு அளவைக் கூட்டினால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்து, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இதனால்தான் தலைசுற்றுகிறது என்று சொல்லும் முதியவரை உட்கார வைத்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் அளக்க வேண்டும் என்கிறோம். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

மின்கலத்தால் இயங்கும் கருவிகள் வந்த பிறகு நாடியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமே குறைந்துவிட்டது. கருவி நாடித் துடிப்பின் எண்ணைக் காட்டுகிறது. துடிப்பு சீராக இருக்கிறதா, தாறுமாறாக விட்டு விட்டு ஓடுகிறதா என்பதை விரல்தான் தெளிவாக உணரும். ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு அந்தக் கருவி காட்டும் அழுத்த அளவும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஒழுங்கற்ற துடிப்பு சிலருக்குப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும் என்பதால், நாடி சீரற்றிருந்தால் ஒரு முழு நிமிடம் எண்ணி, ‘சீராக இல்லை’ என்று சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும். நாடியையும் நோயாளியின் பேச்சையும் எண்வகைத் தேர்வுகளில் சேர்த்த சித்த மருத்துவத்தின் வழிவந்தவர்கள் நாம். விரலை எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் நம்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கோவிட் காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். அதில் 95-க்கு மேல் காட்டினால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அந்த எண்ணைக் கெடுக்கும் என்பது சிலருக்கே தெரியும். கருத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும் என்பது இன்னும் சிலருக்கே தெரியும். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவிக்குப் புலப்படாமல் ஒளிந்திருந்த ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. நம்மவர் பலரின் தோலும் கருத்ததுதான். எண் 96 என்று காட்டினாலும் மூச்சு நிமிடத்துக்கு 30 ஓடுகிறது என்றால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

காய்ச்சலைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வரும் பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. உடம்பு ஆறிவிட்டது, பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்தில், இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. 100-க்கு 80 என்ற எண்ணைப் பார்த்து, ‘நூறு இருக்கிறதே, நல்லதுதானே’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அது இரத்த ஓட்டம் குறையும் அதிர்ச்சி நிலையின் அடையாளம். கை கால் குளிர்ந்து, நாடி மெலிந்து விரைந்தால் நேரம் மிகக் குறைவு. இதனால் காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்ற கேள்வியையும், வெப்பமானி காட்டும் எண்ணையும், அழுத்தத்தின் இரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் இரத்தம், சோர்வு, அமைதியின்மை ஆகியவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். ‘என்ன மாத்திரை கொடுத்தீர்கள்’ என்பதும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் டெங்குவில் இரத்தக்கசிவை மிகுதிப்படுத்தும்.

கேள்வி கேட்பது அளப்பதைவிடக் கடினமான வேலை. இங்கிலாந்தில் 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், புறநோயாளிகளாக வந்த 80 பேரில் 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் கொண்டே நோய் சரியாகக் கணிக்கப்பட்டது. உடற்பரிசோதனையால் கணிப்பு மாறியவர்கள் 7 பேர், ஆய்வுக்கூடச் சோதனையால் மாறியவர்கள் 7 பேர். கேட்பதன் மதிப்பு இவ்வளவு பெரிதாக இருக்க, கேட்பதற்கு நாம் கொடுக்கும் நேரம் எவ்வளவு? அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஆய்வில், 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கிடாமல் விட்டால் பேசிக்கொண்டே போவார்களே என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைத் தடையின்றிப் பேசவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பேசிய நேரம் சராசரியாக 92 நொடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே முடித்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. இரண்டு நிமிடம் கேட்க முடியாத முகாமில் மருந்து கொடுப்பது சரியா என்று ஏற்பாட்டாளர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடையே குறுக்கிடுகிறவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். பர்மிய மருத்துவருக்கு முன்னால் தமிழ்ப் பாட்டி உட்கார்ந்தால், பாட்டி வாய் திறப்பதற்கு முன்பே உடன்வந்த மகனோ மருமகளோ பர்மிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று; ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது மட்டும்தான். பாட்டிக்கு ‘பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்’ என்று மகன் உறுதியாகச் சொன்ன ஒரு நாளில், அவரைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, ‘பாட்டி, மாத்திரையை எப்படிப் போட்டுக்கிறீங்க?’ என்று தமிழில் கேட்டேன். ‘விலை ஏறிப்போச்சு சயாமா, பையனுக்குச் செலவு வைக்க வேண்டாம்னு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன். அவன்கிட்டச் சொல்லிடாதீங்க’ என்றார். (சயாமா என்பது செவிலியரை மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல்.) மாத்திரை வேலை செய்யவில்லை என்று வேறு மாத்திரைக்கு மாற்ற மருத்துவர் தயாராக இருந்தார். பாட்டியின் சம்மதத்தோடு செய்தியை மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். அவர் விலை குறைந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

மொழிபெயர்க்க உட்காருகிறவர் நோயாளி சொன்னதை முழுவதுமாகச் சொல்ல வேண்டும், தம் கருத்தைச் சேர்க்கக் கூடாது, மருத்துவர் கேட்டதைச் சுருக்கக் கூடாது. மாதவிடாய், கருக்கலைவு, மலச்சிக்கல், குடிப்பழக்கம் போன்றவற்றைப் பேரப்பிள்ளை வழியாகக் கேட்டால் உண்மை வராது. பிள்ளையை அந்தச் சங்கடத்தில் நிறுத்துவதும் தவறு. கூடத்தின் நடுவே, அடுத்த வரிசையில் சம்பந்தியம்மாள் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ‘வெள்ளைப்படுதல் இருக்கிறதா’ என்று உரக்கக் கேட்கும் முகாமையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ‘ஒன்றுமில்லை’ என்றார், வேறென்ன சொல்லியிருப்பார்? இரண்டு மூங்கில் கழியும் ஒரு பழைய சேலையும் இருந்தால் மறைப்புக் கட்டிவிடலாம்.

எதை எதைக் கேட்பது என்பதற்கு வெளிநாட்டுப் பாடநூல்களின் வரிசை பொதுவாகப் பொருந்தும். ஆயினும் இந்த நாட்டில் வாழும் நமக்கென்று சில கேள்விகளைச் சேர்த்தாக வேண்டும். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடைகளில் பல மாத்திரைகளைக் கலந்து சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நெடுநாள் அதைச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை ஏறும், முகம் உப்பும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ‘மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொட்டலத்தை அவர்கள் மருந்தாகவே கருதுவதில்லை. ‘வலிக்குக் கடையில் என்ன வாங்கிப் போட்டுக்கொள்கிறீர்கள்’ என்று கேட்டால் மடியிலிருந்தே எடுத்துக் காட்டுவார்கள். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேகியத்தையும் பஸ்பத்தையும் இதேபோல் தனியாகக் கேட்க வேண்டும். எனலாப்ரில் என்னும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். அழுத்தத்துக்கு என்ன மாத்திரை என்று கேட்காமல் இருமல் மருந்தாக மாற்றி மாற்றிக் குடிக்கக் கொடுப்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளில் பர்மாவும் ஒன்று. வயலில் பாம்பு கடித்து வந்தவரிடம் எத்தனை மணிக்குக் கடித்தது, மேலே கயிறு கட்டினார்களா, கடித்த பிறகு சிறுநீர் போயிற்றா என்று கேட்பதை மறக்கக் கூடாது. கண்ணாடிவிரியன் மலிந்த இந்த நாட்டின் நெல்வயல்களில், அந்த மூன்று கேள்விகளின் விடையைத்தான் மருத்துவமனையில் முதலில் எதிர்பார்ப்பார்கள்.

இவற்றிலெல்லாம் என் மனத்தை மிகவும் உறுத்துவது கைக்குழந்தைகளின் பெரிபெரி நோய். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்று சொல்லி, பருப்பு, காய், இறைச்சி எல்லாவற்றையும் விலக்கி, தீட்டிய வெள்ளைச் சோறும் உப்பும் கருவாடும் மட்டும் கொடுக்கும் வழக்கம் பர்மியரிடமும் உண்டு, நம்மவரிடமும் உண்டு. தாயின் உடம்பில் தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். சில மாதக் குழந்தை திடீரென்று பால் குடிக்க மறுத்து, குரல் கம்மி, மூச்சிரைத்து, இதயம் படபடக்க வந்து சேரும். நிமோனியா என்று எண்ணி அதற்கான ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் பிழைக்காமலும் போகலாம். ‘அம்மா, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று தாயை ஒரு கேள்வி கேட்டு, தயமின் ஊசி போட்டால், சில மணி நேரத்திலேயே குழந்தையின் மூச்சு தணிவதைக் காணலாம். வெற்றிலைபாக்கும், சமைக்காத நாப்பி என்னும் மீன் கூழும், தேயிலையும் இந்தச் சத்தைக் குறைப்பவை என்பதால், குன்யா போடுகிறாரா என்பதையும் தாயிடம் கேட்க வேண்டும். வைத்தியத்துக்கு வந்தது குழந்தை. விசாரிக்க வேண்டியது தாயின் சாப்பாட்டுத் தட்டை. நம் பெரியவர்கள் அன்பினால் விதிக்கும் பத்தியத்தைப் பழிக்காமல், பருப்பையும் முட்டையையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இன்னொரு சிக்கல் நம் பெயர்களால் வருகிறது. அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர் என்று நம்மில் பலருக்கு இரண்டு பெயர்கள். முகாமில் மாரியம்மாள் என்று எழுதிய அழுத்தமும், நகர மருத்துவமனையில் டோ என்னும் பர்மிய மரியாதைச் சொல்லில் தொடங்கும் பெயரில் எழுதிய சர்க்கரையும் ஒருவருடையவை என்று எந்த மருத்துவருக்குத் தெரியும்? இரண்டு பெயர்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைவிட நல்லது, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தேதி, எந்தக் கையில் அளந்தோம், எத்தனை முறை அளந்தோம், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து ஆகியவற்றைப் பர்மிய மொழியிலும் தமிழிலும் எழுதிக் கொடுப்பது. பர்மியத்தில் எழுதினால் அடுத்த மருத்துவர் படிப்பார். தமிழில் எழுதினால் வீட்டில் இருக்கும் பாட்டி படிப்பார். முகாமின் பதிவேடு மறுநாள் யாருடைய அலமாரியில் உறங்குகிறது என்று நமக்கே தெரிவதில்லை. நோட்டு நோயாளியின் கையில் இருந்தால் அடுத்த ஆண்டின் எண்ணை இந்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிடவாவது முடியும். ஒரே நாளின் ஒற்றை அளவைக் கொண்டு இரத்த அழுத்த நோய் என்று முத்திரை குத்துவது, மிக உயர்ந்த அளவோ வேறு ஆபத்து அறிகுறியோ இருந்தாலன்றி, முறையாகாது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். முதுகுச் சாய்வுள்ள நாற்காலிகளைக் கல்யாண மண்டபத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நொடிமுள் உள்ள சுவர்க்கடிகாரம் ஒன்று, கைப்பட்டை நடுத்தர அளவில் ஒன்று, பெரியதில் ஒன்று. இவற்றின் விலை ஒரு முகாமில் வழங்கும் சத்து மாத்திரைகளின் விலையைவிடக் குறைவு. வலிமை தரும் என்று எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் நோட்டுப் புத்தகங்களை அச்சிடலாம் என்பது என் துணிந்த கருத்து. இதில் நன்கொடையாளர்கள் சிலருக்கு என்மீது வருத்தம் ஏற்படலாம் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஒரே நாளில் முந்நூறு பேரைப் பார்க்க முயல்வதைவிட, சீட்டு கொடுத்து நூறு பேரை அழைத்து, மீதிப் பேரை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்வது நல்லது. அழுத்தம் 180-க்கு 120 என்ற அளவைத் தாண்டி, அத்துடன் நெஞ்சுவலியோ, பேச்சுக் குழறலோ, பார்வை மங்கலோ, ஒரு பக்கக் கை கால் சோர்வோ இருந்தால், அவரை வரிசையிலிருந்து எடுத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி ஒன்று வாசலில் காத்திருக்க வேண்டும். அனுப்பும்போது எத்தனை மணிக்கு அறிகுறி தொடங்கியது என்பதைத் தாளில் எழுதி உடன்வருகிறவர் சட்டைப்பையில் வைத்துவிட வேண்டும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு முகாமைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டதோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்கு இருமுறை அழுத்தம் பார்த்தார்கள், எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அனுப்பியவர்கள் உண்மையில் போய்ச் சேர்ந்தார்களா என்றும் கேளுங்கள். பத்திரிகை கேட்கத் தொடங்கினால் ஏற்பாட்டாளர்கள் எழுதிவைக்கத் தொடங்குவார்கள்.

பங்குனி உத்திரத்தையொட்டி நடக்கவிருக்கும் முகாம்களில் தொண்டு செய்ய முன்வரும் இளைஞர்களுக்கு, முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகலில் மூச்செண்ணவும், நாடி பார்க்கவும், பட்டை சுற்றவும், நோயாளியிடம் கேட்கவும் சொல்லிக் கொடுக்க நானும், என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். கட்டணம் எதுவும் வேண்டியதில்லை. விருப்பமுள்ள கோவில் நிர்வாகத்தினரும் பங்குப் பேரவையினரும் ஜமாத்தினரும் தங்கள் இதழின் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால், மண்டபத்துக்கே வந்து கற்பிப்போம். வரும் பிள்ளைகள் நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
யாங்கோன்.